குழல் கச்சேரி விமர்சனம்: பாராட்டுச் சொற்களுக்குப் பின்னால் காதில் விழ வேண்டியவை

மார்கழி சீசன் வந்துவிட்டால் நாளிதழ்களிலும் இணையத்திலும் கச்சேரி விமர்சனங்கள் குவியும். புல்லாங்குழல் கச்சேரி என்றால் சில தொடர்கள் தவறாமல் வந்துவிடும்: காயகி பாணி (பாடுவது போல் வாசிப்பது), சுருதி சுத்தம், சாகித்யம் (பாட்டின் சொற்கள்) பேசியது, நாதத்தில் கனம், விரலடியில் வேகம். கேட்கத் தொடங்கி ஒன்றிரண்டு வருடமே ஆனவருக்கு இதெல்லாம் அலங்காரமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை காதால் சோதித்துப் பார்க்கக்கூடியவை. மூங்கில் குழலில் எதைச் செய்வது கடினம் என்று தெரிந்துகொண்டால் போதும். எந்தப் பாராட்டில் சரக்கு இருக்கிறது, எது மரியாதைக்கு எழுதியது என்று பிரித்துவிடலாம்.

மாதிரிக்கு நான்கு வரிகளை வைத்துக்கொள்வோம். "தோடி ஆலாபனையில் காந்தாரம் அசைந்த அழகே தனி. கிருதியில் சாகித்யம் பேசியது. தார ஸ்தாயியில் நெடுநேரம் சஞ்சரித்துவிட்டு ஷட்ஜத்தில் வந்து நின்றபோது சுருதி இம்மியும் விலகவில்லை. மொத்தத்தில் தேனாகப் பாய்ந்த கச்சேரி." முதல் மூன்று வரிகளும் மூன்று வெவ்வேறு திறமைகளைக் குறிப்பிடுகின்றன. நான்காவது வரியை எந்தக் கச்சேரிக்கும் ஒட்டலாம்; அதை விட்டுவிடலாம். தோடி ஒரு ராகம், ஆலாபனை தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது, கிருதி ஒரு பாடல் வகை; காந்தாரம் 'க', ஷட்ஜம் 'ச'; தார ஸ்தாயி என்பது மேல் ஸ்தாயி. மற்ற மூன்று வரிகளையும் புரிந்துகொள்ள முதலில் குழலைப் பார்க்க வேண்டும்.

எந்தத் துளையில் எந்தச் சுரம்

கர்நாடகக் குழலில் ஊதும் துளை ஒன்று, விரல் துளைகள் எட்டு. கடைசித் துளையைப் பொதுவாக மூடுவதில்லை. வாய்ப்பக்கத்திலிருந்து எண்ணி, முதல் இரண்டு துளைகளை மூடி ஊதினால் ஷட்ஜம். ஒன்றை மட்டும் மூடினால் சதுச்ருதி ரிஷபம். எல்லாவற்றையும் திறந்தால் அந்தர காந்தாரம். ஆறு துளைகளை மூடினால் சுத்த மத்யமம், ஐந்துக்குப் பஞ்சமம், நான்குக்குச் சதுச்ருதி தைவதம், மூன்றுக்குக் கைசிகி நிஷாதம். விரலை முழுதாக வைத்து முழுதாக எடுத்தால் குழல் தானாகத் தருவது ஹரிகாம்போஜி ராகம்.

மற்ற சுரஸ்தானங்களுக்குத் துளையைப் பாதி மூட வேண்டும். இரண்டாம் துளையில் பாதி என்றால் சுத்த ரிஷபம். முதல் துளையில் பாதி, சாதாரண காந்தாரம். ஐந்தாம் துளையில் பாதி, சுத்த தைவதம். இப்போது தோடியை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் ரிஷபம், காந்தாரம், தைவதம் மூன்றுமே அரைத்துளைச் சுரங்கள். கல்யாணியின் பிரதி மத்யமம் ஆறாம் துளையிலும் காகலி நிஷாதம் மூன்றாம் துளையிலும் பாதி மூடிக் கிடைப்பவை. காம்போஜியின் ஆரோகணத்தில் அரைத்துளையே இல்லை. ஆகவே குழலில் தோடி நன்றாக அமைந்தது என்று ஒரு விமர்சகர் எழுதினால், விரல்களுக்கு மிகக் கடினமான இடத்தில் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். காம்போஜியில் கஷ்டம் வேறு மாதிரி. சுரங்கள் எளிதாகக் கிடைப்பதால் கமகம் (சுரத்தை அசைப்பது) இல்லாமல் வரிசை வாசிப்பது போல் தட்டையாகப் போய்விடும் ஆபத்து அதிகம்.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். மத்திய ஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து மேலே ஏறும்போது ச, ரி, க வரை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வருகின்றன. காந்தாரத்தில் எல்லாம் திறந்தாகிவிட்டது. அடுத்த மத்யமத்துக்கு ஆறு துளைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். கூடவே உதட்டை இறுக்கி, காற்றை மெல்லியதாகவும் வேகமாகவும் செலுத்தி, குழலின் மேல் ஒலிநிலைக்குத் தாவ வேண்டும். விரல் முந்தினால் மந்திர (கீழ் ஸ்தாயி) மத்யமம் ஒரு முனகலாகக் கேட்கும். மூச்சு முந்தினால் கீச்சென்று பிசிறடிக்கும். கற்கும் நிலையில் உள்ளவர்கள் வாசிப்பில் இந்த இடம் அப்பட்டமாகத் தெரியும். தேர்ந்த வித்வானிடம் 'க-ம-ப' ஒரே கோட்டில் போகும். அங்கே ஒரு தையல் இருப்பதே நமக்குத் தெரியாது. "இழைந்து வந்தது" என்று விமர்சகர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களைக் கேட்டுத்தான்.

காயகி: மாலிக்குப் பிறகு மாறிய அளவுகோல்

குழலைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக நிறுத்திய பெருமை கும்பகோணம் சரப சாஸ்திரிக்கு (1872–1904) உரியது. கண்பார்வை இல்லாதவர். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962) அந்த வழியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தார். 1943-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அந்தக் காலத்துக் குழலின் சிறப்பு தெளிவான சுரங்களும் விரலடியும். துளையை மூடித் திறப்பதில் இருக்கும் சுத்தமும் விறுவிறுப்பும்தான் அன்று ரசிகர்களைக் கட்டிப்போட்டன.

திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் என்ற மாலி (இறப்பு 1986) இந்த அளவுகோலையே மாற்றினார். விரலைத் துளைமேல் சாய்த்து, உருட்டி, நகர்த்தி, துளைகளை மாற்றி மாற்றி மூடும் முறைகளையும் கையாண்டு, குரலில் வரும் கமகங்களைக் குழலில் கொண்டுவந்தார். குழல் "பாடுகிறதா" என்ற கேள்வி அதன் பிறகு தவிர்க்க முடியாததாகிவிட்டது. இன்று காயகி என்று பாராட்டும்போது விமர்சகர் அளப்பது மாலி போட்டுக்கொடுத்த கோலால்தான்.

அதைக் காதால் எப்படிப் பிடிப்பது? மீண்டும் தோடியின் காந்தாரத்துக்கே வருவோம். பாடகர் அந்தச் சுரத்தை நேராக நிறுத்துவதில்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி மத்யமத்தை எட்டித் தொட்டுத் திரும்பும் ஓர் ஆட்டம் அது. குழலில் முதல் துளையின்மேல் விரல் கொஞ்சம் விலகி, கொஞ்சம் மூடி, அதற்கேற்ப மூச்சும் ஏறி இறங்கினால்தான் அது கிடைக்கும். விரல் திறந்த நிலையில் ஒரு கணம் தங்கிவிட்டால் அங்கே நிற்பது அந்தர காந்தாரம். தோடிக்கு ஆகவே ஆகாத சுரம். ஆட்டம் மிக வேகமாகப் போனால் நடுக்கம் போல் ஒலிக்கும். விரலை அசைக்காமல் வயிற்று மூச்சை மட்டும் அலைத்தால் ஒலியின் அளவு ஏறி இறங்குமே தவிர சுரம் அந்த அளவுக்கு அசையாது. கேட்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: ஒலியின் கனம் அலைகிறதா, சுரத்தின் உயரம் அலைகிறதா? உயரம் அலைந்தால்தான் கமகம்.

டி. விஸ்வநாதன் (1927–2002) இதை இன்னொரு பக்கத்திலிருந்து அணுகியவர். வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி, திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணவர். கச்சேரியில் குழலை இறக்கிவிட்டு வரியைப் பாடிக் காட்டுவார், பிறகு அதையே வாசிப்பார். அவருடைய ஒலிப்பதிவு கிடைத்தால் பாடிய வரியையும் வாசித்த வரியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். காயகி என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

சுருதி சுத்தம்: குழலில் ஏன் இவ்வளவு பெரிய பாராட்டு

வயலினில் சுருதி விலகினால் பிருடையையோ நுண் திருகையோ திருகலாம். குழலில் திருகுவதற்கு ஒன்றுமில்லை. மூங்கிலை அறுத்துத் துளையிட்ட அன்றே அதன் கட்டை (ஆதார சுருதியின் உயரம்) முடிவாகிவிட்டது. அதனால்தான் குழல் வித்வான்கள் பல குழல்களோடு மேடையேறுகிறார்கள். வயலினும் தம்புராவும் குழலுக்கு இணங்கிப் போகின்றன.

ஒரே குழலிலும் சுருதி நிலையாக இருப்பதில்லை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி மாறினால் சுருதி 1.7 சதவீதம் நகரும். ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே சுமார் 6 சதவீதம்தான். ஆக, குளிரூட்டிய அரங்கில் பையிலிருந்து எடுத்த குழலை அப்படியே ஊதினால் சுருதி இறங்கி நிற்கும். வாசிக்க வாசிக்க மூச்சுச் சூட்டில் ஏறும். முதல் உருப்படி முடிந்ததும் சிலர் தம்புராவைச் சரிபார்ப்பது இதனால்தான். தனி ஆவர்த்தனத்தின்போது (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) மடியில் கிடக்கும் குழல் மறுபடி குளிர்ந்துவிடும். அனுபவசாலிகள் அதைக் கையில் அணைத்துப் பிடித்திருப்பார்கள், அல்லது சத்தம் வராமல் மெல்ல ஊதிச் சூடாக வைத்திருப்பார்கள்.

மூச்சும் சுருதியை நகர்த்தும். அழுத்தி ஊதினால் ஏறும், தளர்ந்தால் இறங்கும். ஊதுதுளையை உதட்டுப் பக்கம் உருட்டினால் இறங்கும், வெளிப்பக்கம் உருட்டினால் ஏறும். வித்வான் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொண்டே வாசிக்கிறார். தார ஸ்தாயியில் நெடுநேரம் இருந்தால் அழுத்தம் கூடியே இருக்கும். அதே அழுத்தத்தோடு கீழே வந்தால் ஷட்ஜம் தம்புராவைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கும். மாதிரி விமர்சனத்தின் மூன்றாவது வரி இதைத்தான் பாராட்டியது. வெறுமனே "சுருதி சுத்தம்" என்று எழுதுவதைவிட அந்த வரி எவ்வளவோ மேல், ஏனென்றால் சுருதி எங்கே விலகக்கூடுமோ அந்த இடத்தைச் சொல்லியிருக்கிறது.

சோதிக்க ஓர் எளிய இடம் கார்வையின், அதாவது நீட்டிப் பிடிக்கும் சுரத்தின், வால். நீண்ட ஷட்ஜத்தையோ பஞ்சமத்தையோ பிடித்து, ஒலியைத் தேய்த்து முடிக்கும்போது மூச்சு குறையும். குறைந்தால் சுரம் தொய்யும். உதட்டைக் குறுக்கி, குழலை இம்மியளவு வெளியே உருட்டி, தொய்யாமல் முடிப்பவர் கைதேர்ந்தவர். அடுத்த கச்சேரியில் கார்வையின் தொடக்கத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் கவனித்துப் பாருங்கள், நிறையத் தெரியவரும்.

இரட்டைக் குழல் கச்சேரியில் இது இரண்டு மடங்கு கடினம். ஒரு குழலின் ஷட்ஜம் நொடிக்கு 500 அதிர்வு, மற்றதன் ஷட்ஜம் 504 என்றால் நொடிக்கு நான்கு முறை ஒலி தடித்துத் தேயும். "வாவ்-வாவ்" என்று அலையடிப்பது யாருக்கும் கேட்கும். சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணியும் நீலாவும் பல பத்தாண்டுகள் சேர்ந்து வாசித்ததை "ஒரே குழல் போல்" என்று ரசிகர்கள் சொல்வதன் எடை இதுதான். நேர்ச்சுரத்தில் ஒன்றுவது முதல் படி. கமகத்தின் ஆட்டமும் ஒரே வேகத்தில் ஒன்ற வேண்டும்.

சாகித்யம் பேசுவது

குழலுக்கு வார்த்தை கிடையாது. பிறகு எப்படிச் சாகித்யம் பேசும்? நாக்காலும் மூச்சாலும். ஒவ்வோர் எழுத்து தொடங்கும் இடத்திலும் நாக்கு காற்றை லேசாக வெட்டி விடும். இதைத் துத்துகாரம் என்பார்கள். நெடில் வரும் இடத்தில் வெட்டாமல் இழுக்க வேண்டும், வல்லெழுத்தில் அழுத்தி வெட்ட வேண்டும். எல்லாச் சுரத்துக்கும் ஒரே மாதிரி "து து து" என்று போனால் பாட்டு சுரப் பயிற்சியாகிவிடும். எதையுமே வெட்டாமல் ஊதினால் குழைந்துவிடும், வரி எங்கே தொடங்கியது என்று தெரியாது.

மூச்சு அதைவிட முக்கியம். தியாகராஜரின் ஸ்ரீராக பஞ்சரத்னத்தை எடுத்துக்கொள்வோம். "எந்தரோ மஹானுபாவுலு" என்பதில் "எந்தரோ"வுக்குப் பிறகு மூச்சு எடுக்கலாம். "மஹானு" என்று நிறுத்தி மூச்சு எடுத்துப் "பாவுலு" என்று தொடர்ந்தால், பாட்டைத் தெரிந்தவர் முகம் சுளிப்பார். விளம்ப (மெதுவான) காலத்தில் இந்தச் சோதனை கடுமையாகும், ஏனென்றால் ஒரு பதமே ஒரு மூச்சின் நீளத்தைத் தாண்டிவிடும். அப்போது எந்தச் சங்கதியின் (ஒரே வரியை மாற்றி இசைக்கும் வகையின்) முடிவில் களவாக மூச்சு எடுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துப் பயின்றிருக்க வேண்டும். பாடவும் தெரிந்த குழல் வித்வானுக்கும் சுரக்குறிப்பிலிருந்து மட்டும் பாடம் செய்தவருக்கும் வித்தியாசம் இங்கே வெளிச்சமாகும்.

ஒரு வரியை எடுத்துக் கற்பனையாக விரிக்கும் நிரவலுக்கும் இதே விதிதான். வரியின் எழுத்துகள் தாளத்தில் விழுந்த அதே இடங்களில் விழ வேண்டும். சுரங்கள் மட்டும் மாற வேண்டும். வரி உங்களுக்குத் தெரிந்திருந்தால் மனத்துக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். எழுத்தும் துத்துகாரமும் பொருந்தினால் விமர்சகர் சொன்னது சரி.

கனம், வேகம், இன்ன பிற

நாதத்தில் கனம் என்பது ஓரளவு குழலின் அளவைப் பொறுத்தது. ஐந்து, ஆறு கட்டைக் குழல் சிறியது, ஒலி பளிச்சென்றிருக்கும். இரண்டு, இரண்டரைக் கட்டைக் குழல் நீளமானது, ஒலி ஆழமானது. மாலியின் சீடர் என். ரமணி (1934–2015) நீண்ட குழலைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். நீண்ட குழலில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். விரலை விரிக்க வேண்டும், பிருகாக்களுக்கு (வேகமான சுரக்கோவைகளுக்கு) கை எளிதில் வராது. ஆலாபனைக்கு ஒன்று, விறுவிறுப்பான உருப்படிக்கு வேறொன்று என்று குழலை மாற்றி வாசிக்கும்போது "கனம்" என்ற பாராட்டு எந்தக் குழலுக்கு என்று பார்க்க வேண்டும். சின்னக் குழலில் கனம் கிடைத்தால் அது உதட்டின் சாதனை. பெரிய குழலில் பாதி வேலையை மூங்கிலே செய்துவிடும்.

தார மத்யமத்துக்கு மேலே போவது தனி வித்தை. அதற்கு வேறு விரல் அமைப்பும் கூடுதல் அழுத்தமும் வேண்டும். கீச்சிடாமல் வருவது அரிது. அதைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தால் நம்பிக்கையோடு ஒலிப்பதிவைத் தேடிப் போகலாம்.

வேகத்துக்கு எளிதில் கைத்தட்டல் கிடைக்கும், ஆனால் குழலில் வேகம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. விரலைத் தூக்கி வைப்பது இலேசு. நகர்த்தி வைப்பதுதான் கஷ்டம். துரித (வேகமான) காலக் கற்பனைச் சுரத்தில் கமகம் உதிர்ந்துபோய் வெறும் சுரங்கள் கொட்டினால், அதைப் பாராட்டும் வரி விரலைப் பார்த்து எழுதியது. சுரங்களை முடிக்கும் தாளக் கணக்கான கோர்வை சரியாக விழுவது எந்த வாத்தியத்துக்கும் பொதுவானது.

பக்கவாத்தியத்துக்கு "அனுசரணை" என்ற சொல் குழல் கச்சேரியில் கூடுதல் அர்த்தம் பெறும். குழலின் மந்திர ஸ்தாயி மெல்லிய ஒலி. மிருதங்கம் அங்கே கையை அடக்காவிட்டால் சுரம் காணாமல் போகும். ஒலிவாங்கி ஊதுதுளைக்கு நேர் எதிரே இருந்தால் காற்றின் "புஸ்" சத்தம் நாதத்தை மூடும். சற்று மேலோ பக்கவாட்டிலோ தள்ளி வைத்தால் குறையும். மூச்சிரைச்சல் அதிகம் என்று குறை எழுதும் விமர்சனங்களில் சில, உண்மையில் ஒலிவாங்கியைப் பற்றியவை.

இப்படிக் கேட்டுப் பழகலாம்

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கிருதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பாடகர் பாடியதைக் கேளுங்கள், வரிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே கிருதியின் குழல் பதிவை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை தம்புராவோடு சேர்த்து, ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நிற்கும் இடங்களை மட்டும். இரண்டாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு எடுக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு. கோடுகள் பதத்தின் நடுவில் விழுகின்றனவா என்று பாருங்கள். மூன்றாம் முறை ராகத்தின் உயிரான ஒரு சுரத்தை மட்டும், அது எத்தனை விதமாக அசைகிறது என்று. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்க முயன்றால் எதுவும் பிடிபடாது.

பிறகு அந்தக் கச்சேரிக்கு வந்த விமர்சனத்தைப் படியுங்கள். ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற பெயரில் எழுதிய கல்கி, பின்னாளில் சுப்புடு என்று தமிழ் இசை விமர்சனத்துக்குக் கூர்மையான மரபு உண்டு. யார் எழுதியது என்பதும் பாராட்டின் எடையைக் கூட்டும், குறைக்கும். வாரம் தவறாமல் எல்லோரையும் "அபாரம்" என்பவரின் "அபார"மும், குறையைக் குறை என்று எழுதுபவரின் "நன்று"ம் ஒரே தராசில் நிற்காது.

நீங்களே பாராட்டி எழுத விரும்பினால் கச்சேரியின்போது நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உருப்படியும் ராகமும், வாசித்த குழலின் கட்டை, உங்களை நிமிர வைத்த இடம் எந்த வரியில் அல்லது எந்தச் சுரத்தில், அந்த இடத்தில் விரலும் மூச்சும் என்ன செய்தன. கட்டை தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கலாம், அல்லது வீட்டுக்கு வந்து பதிவோடு சுருதிப்பெட்டியை வைத்து ஒப்பிடலாம். "கல்யாணி பிரமாதம்" என்பதற்குப் பதில் "கல்யாணியில் பிரதி மத்யமத்தைப் பஞ்சமத்திலிருந்து வழுக்கி இறக்கி, அங்கே நிற்காமல் காந்தாரத்தில் ஓய்ந்தார்" என்று எழுதினால், கச்சேரிக்கு வராதவரும் அதைப் பதிவில் தேடிக் கேட்க முடியும். வித்வானுக்கும் எது எடுபட்டது என்று தெரியும்.